வாளைமீன் கவ்விய மாம்பழம்

குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் பேசுகிறவள் தலைவனின் காதற்பரத்தை. தலைவி தன்னை இழித்துப் பேசியதாக அவள் காதுக்குச் செய்தி வந்திருக்கிறது. நேரே போய்ச் சண்டை பிடிக்கவில்லை. தலைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி நின்று பதில் சொல்கிறாள். ஆலங்குடி வங்கனார் இத்தனையையும் ஆறே அடிகளில் முடித்துவிடுகிறார்.

அவன் ஊர் எப்படிப்பட்டது? வயலோரத்து மாமரத்தில் கனிந்து உதிரும் பழத்தைக் குளத்து வாளைமீன் கவ்விக்கொள்ளும் ஊர். மேலோட்டமாகப் படித்தால் மருதநிலத்துக் காட்சி, அவ்வளவுதான். ஆனால் வாளை மரமேறிப் பறிக்கவில்லையே, பழம் தானாக அல்லவா விழுந்தது! 'நான் அவனை வளைத்துப் போடவில்லை, அவனாகத்தான் வந்தான்' என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிவிட்டாள்.

இதைத்தான் தொல்காப்பியம் உள்ளுறை உவமம் என்கிறது. 'போல' என்ற உருபு வராது. எதற்கு எது ஒப்பு என்பதையும் கேட்பவரே கண்டுகொள்ள வேண்டும். நிலத்துக்குரிய மரம், மீன், பறவை போன்ற கருப்பொருள்களைக் கொண்டு அமையும். தெய்வத்துக்கு மட்டும் அதில் இடமில்லை.

இதே பாட்டில் வெளிப்படையான உவமையும் உண்டு. இங்கே வந்து பெரிய பேச்சுப் பேசுகிறவன், வீட்டுக்குப் போனதும் கண்ணாடிப் பாவை போல ஆகிவிடுகிறானாம். மகனைப் பெற்றவள் கையைத் தூக்கினால் தானும் தூக்குவானாம். தன்மேல் விழுந்த பழிக்கு மறைமொழி, அவனைக் கேலி செய்யப் பச்சையான 'போல'! இந்தப் பங்கீடு தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒன்று மட்டும் உறுத்துகிறது: பழம் தானாக விழுந்தது சரி, வாளையும் சும்மா இருக்கவில்லை, கவ்வியது. வங்கனார் அதையும் தெரிந்தேதான் வைத்தாரோ என்னவோ.

கருப்பொருள் வழியே குறிப்பாகப் பொருள் உணர்த்தும் இறைச்சி என்ற உத்தி, உள்ளுறைக்குப் பக்கத்து வீடு. பாலை பாடிய பெருங்கடுங்கோ பாடிய குறுந்தொகை 37ஆம் பாட்டில், பெண்யானையின் பசி தீர்க்க ஆண்யானை யா மரத்தின் பட்டையை உரிக்கிறது. பிரிவில் வாடும் தலைவிக்குத் தோழி சொல்லும் ஆறுதல் அது. வாளையும் பழமும் மனிதர்களுக்கு மாற்றாக நின்றவை. இந்த யானையோ, பொருள் தேடிப் போன தலைவன் வழியில் காணப்போகும் விலங்கு. கண்டால் அவனுக்கு வீட்டு நினைப்பு வரும், திரும்பிவிடுவான் என்பது தோழியின் கணக்கு.