அறிமுகமும் ஒரு முதலீடே

பட்டம் பெற்ற பிள்ளை வேலையின்றி வீட்டிலிருக்கும் குடும்பங்களில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு சொல் உண்டு: "நமக்கு யாரைத் தெரியும்?" பெரிய இடத்துச் சிபாரிசு இல்லாதவர்க்கு நல்ல வேலை வாய்க்காது என்னும் மனக்குறையே அது. அக்குறை முற்றிலும் பொய்யன்று. ஆயினும் நமக்குத் தெரிந்தவர் யாவர், அவர்களுள் உதவக்கூடியவர் யாவர் என்பதை நாம் செம்மையாக எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆய்வு உணர்த்தும் உண்மை

மார்க் கிரனோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், பாஸ்டனை அடுத்த நியூட்டன் நகரில், அண்மையில் பணி மாறிய 282 பேர் எவ்வாறு வேலை பெற்றனர் என்று ஆராய்ந்தார். பாதிக்கு மேற்பட்டோர் தெரிந்தவர் வாயிலாகவே வேலை பெற்றிருந்தனர். இதில் வியப்பில்லை. ஆனால் அந்தத் தெரிந்தவர்களுள் பெரும்பாலோர் நெருங்கிய நண்பர் அல்லர். எப்போதோ ஒருமுறை காணும் பழைய உடன்பணியாளர் போன்றோரே என்பதுதான் வியப்பு. 1973-இல் அவர் இக்கருத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். காரணம் எளிது. நெருங்கியோர் அறிந்த செய்தி பெரும்பாலும் நாமும் அறிந்ததே. சற்றுத் தொலைவில் உள்ளவரோ வேறொரு வட்டத்தில் பழகுவதால், நமக்கு எட்டாத செய்தி அவருக்கு எட்டுகிறது.

2022-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தின் ஏறத்தாழ 2 கோடி உறுப்பினரின் தொடர்புகளை ஆராய்ந்து இக்கருத்துக்கு வலுவூட்டியது. அத்துடன் ஒரு திருத்தமும் தந்தது: மிக நெருங்கியோரும் அல்லர், முற்றிலும் தொலைவில் நிற்போரும் அல்லர், பொதுவாக அறிந்த சிலரைக் கொண்ட இடைநிலை அறிமுகமே மிகுந்த பயன் தருகிறது.

கருவி யாது?

லிங்க்ட்இன் என்பது 2003-ஆம் ஆண்டு மே மாதம் கலிபோர்னியாவில் தொடங்கப்பெற்ற இணையத்தளம். 2016-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2,620 கோடி டாலர் விலைக்கு அதை வாங்கியது. அதில் கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. கட்டணம் செலுத்திப் பெறும் கூடுதல் வசதிகளும் உண்டு. தொடக்கத்தில் அவை தேவையில்லை.

முதலில் பெயருக்குக் கீழே எழுதும் ஒற்றை வரியைக் கவனியுங்கள். "வேலை தேடுகிறேன்" என்பது நம் தேவையை மட்டுமே கூறும். "வணிகவியல் பட்டதாரி, டாலி கணக்கும் ஜி.எஸ்.டி. படிவங்களும் அறிந்தவர்" என்பது நம் திறமையைக் கூறும். நிறுவனத்தார் தேடுவது இதனையே. கல்லாததைக் கற்றதாக எழுதுதல் ஆகாது. நேர்காணலின் இரண்டாம் கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

அடுத்து, படித்த கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால், அங்குப் பயின்ற முன்னாள் மாணவர் எந்நிறுவனங்களில் பணிபுரிகின்றனர் என்று காணலாம். மேற்சொன்ன இடைநிலை அறிமுகம் விளைவது இங்கேதான். அவர்களுக்கு எழுதும்போது எடுத்த எடுப்பில் வேலை கேட்டல் நன்றன்று. "ஐயா, தாங்கள் பயின்ற கல்லூரியில் நானும் இவ்வாண்டு பட்டம் பெற்றேன். தங்கள் பணிக்கு எவ்வகைப் பயிற்சி தேவை என அறிய விழைகிறேன். பத்து நிமிடம் பேச இயலுமா?" என்று சுருக்கமாக எழுதலாம். பத்துப் பேருக்கு எழுதினால் ஓரிருவர் மறுமொழி தந்தாலும் அது நற்பேறே. உதவியவர்க்கு நன்றி எழுத மறவாதீர்.

சிறுதொழில் செய்வோர்க்கு

இத்தளம் எல்லா வாணிகத்துக்கும் ஏற்றதன்று. முறுக்கும் ஊறுகாயும் வீடுகளுக்கு விற்பவர்க்கு வாட்ஸ்அப்பும் அக்கம்பக்கத்தாரின் நற்சொல்லுமே போதும். நிறுவனங்களுக்குச் சீருடை தைப்போர், துணிப்பை செய்வோர், இயந்திர உதிரிபாகம் கடைவோர் ஆகியோர்க்கே இது பெரிதும் உதவும். கொள்முதல் அலுவலர்கள் அங்கு இருக்கின்றனர். செய்த பொருளின் படம், அளவு, மாதந்தோறும் எத்தனை உருப்படி தர இயலும் என்னும் விவரம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை வெளியிட்டு வந்தால், தேவை நேரும்போது நம் பெயர் அவர் நினைவுக்கு வரும். மைய அரசின் உத்யம் பதிவையும் செய்து கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

எச்சரிக்கை தேவை

நல்லோர் கூடும் சந்தைக்குத் திருடரும் வருவர். தாய்லாந்தில் கணினி வேலை என்று சமூக ஊடகங்கள் வழியே ஆசை காட்டி, இளைஞரை மியான்மருக்குக் கடத்திச் சென்று இணைய மோசடியில் ஈடுபடுத்தும் கும்பல்களைப் பற்றி, 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அவ்வாறு சிக்கியோருள் தமிழ்நாட்டு இளைஞரும் இருந்தனர்.

ஆதலின் சில விதிகளைக் கைக்கொள்க. வேலை தருவதற்கு முன்பணம் கேட்பவரிடமிருந்து உடனே விலகுக. கடவுச்சொல், வங்கி எண், ஆதார்ப் படம் ஆகியவற்றை முன்பின் அறியாதவர்க்கு அனுப்பாதீர். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றவரா என்பதை அரசின் இமைக்ரேட் தளத்தில் சரிபார்க்க. பணத்தை இழந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், உடனடியாக 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க. தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கைமாறிப் போகும். இவ்வேளையில் பெற்றோர் பிள்ளைகளைத் திட்டித் தீர்ப்பதைவிட, அருகிருந்து அந்த எண்ணை அழைத்துக் கொடுப்பதே அறிவுடைமை.

தருவோரும் வேண்டும்

இறுதியாக, ஏற்கெனவே நல்ல பணியில் அமர்ந்திருப்போர்க்கு ஒரு சொல். முகமறியா இளைஞர் ஒருவரின் கடிதம் உங்கள் பக்கத்தில் படிக்கப்படாமல் கிடக்கலாம். அதை எழுத அவர் எத்தனை முறை தயங்கியிருப்பார்! வேலை வாங்கித் தருவது உங்களால் இயலாமற் போகலாம். ஆனால் "இப்பயிற்சியைப் பெறுக, இன்னாரை அணுகுக" என்று இரண்டு வரி எழுத ஐந்து நிமிடம் போதும். "நமக்கு யாரைத் தெரியும்?" என்று ஏங்கும் ஒரு வீட்டுக்கு, இனி உங்களைத் தெரியும் என்றாகட்டும்.