வேலை முடிந்தாலும் பொறி தூங்காது

"மழைக்காட்டு ஊர்ல காட்டுத்தீயா? போங்க சார்!" என்று அபர்டீன் பஜாரில் நண்பர்கள் என்னிடம் சிரிப்பதுண்டு. ஆண்டுக்குச் சுமார் 3000 மி.மீ. மழை பெறும் தீவுகள் நம்முடையவை என்பது உண்மையே. ஆனால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை மழை குறையும். படாக் மரங்கள் நிற்கும் இலையுதிர் காடுகளில் சருகு சேரும். நிக்கோபாரில் கமோர்ட்டா, தெரசா தீவுகளில் புல்வெளிகளும் உண்டு. இவ்விடங்களில் வெல்டிங், கிரைண்டர் வேலை செய்வோர் கவனமாயிருக்க வேண்டும்.

2007 ஜூலை 4 அன்று கலிபோர்னியாவில் தண்ணீர்க் குழாயைப் பழுதுபார்த்தார்கள். கிரைண்டரிலிருந்து தெறித்த பொறி காய்ந்த புல்லில் பற்றிக்கொண்டது. 'ஸாக்கா தீ' எனப்படும் அது சுமார் 2.4 லட்சம் ஏக்கரை எரித்தது. கட்டுக்குள் வர 2 மாதமாயிற்று.

நாம் செய்ய வேண்டியவை எளியவை. வேலையிடத்தைச் சுற்றி 35 அடிக்குச் சருகையும் புல்லையும் அகற்றுங்கள். தண்ணீரும் மண்வெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடான சைலன்சரோடு வண்டியைப் புல்லில் நிறுத்தாதீர்கள். பலத்த காற்றடித்தால் வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

மிக முக்கியம், வேலை முடிந்த பிறகான காவல். சருகுக்கடியில் விழுந்த பொறி கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். ஆட்கள் போன பின்தான் தீயாகும். அதனால்தான் அமெரிக்கத் தீத்தடுப்பு விதிமுறை 2019-இல் காவல் நேரத்தை அரை மணியிலிருந்து 1 மணியாக உயர்த்தியது. தினக்கூலிக்காரர் சும்மா காத்திருப்பாரா? மாட்டார். ஆகவே ஒப்பந்தம் எடுக்கும் நம்மவர்கள் அந்த ஒரு மணிக்கும் கூலி சேர்த்தே கணக்குப் போட வேண்டும். காட்டைக் காக்கும் செலவில் இதைவிட மலிவானது வேறில்லை.