நாலந்தாவின் முதிய ஆசிரியர்

சென்ற வாரம் சீனத் துறவி யுவான் சுவாங்கை நாலந்தாவின் வாசலில் விட்டிருந்தோம். வடிகட்டல் அந்த வாசலிலேயே தொடங்கிவிடும். வாதம் செய்ய வரும் வெளியூர்க்காரர்களை வாயிலில் இருப்பவர்களே கேள்வி கேட்டு மடக்குவார்கள். பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள் என்று அவரே எழுதியிருக்கிறார். உள்ளே, வயது முதிர்ந்த தலைவர் சீலபத்திரரிடம் அவர் யோகாசாரம் என்னும் பௌத்தத் தத்துவத்தைப் பயின்றார்.

5ஆம் நூற்றாண்டில் முதலாம் குமாரகுப்தன் தொடங்கிவைத்த மடம் இவ்வளவு வளர்ந்ததற்குக் காரணம் கேட்டால், எல்லோரும் அறிவைச் சொல்வார்கள். நான் முதலில் நெல்லைச் சொல்வேன். படிக்க வந்தவன் சோற்றுக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பின்னால் வந்து சுமார் பத்தாண்டுகள் அங்கே தங்கிய சீனத் துறவி இட்சிங், நாலந்தாவுக்கு 200க்கு மேற்பட்ட மானிய ஊர்கள் இருந்தன, 3,000க்கு மேற்பட்ட துறவிகள் இருந்தார்கள் என்கிறார். பரவலாகச் சொல்லப்படும் 10,000 என்ற எண்ணைவிட இதுவே எனக்கு நம்பத்தக்கதாகப் படுகிறது.

அகழாய்வில் கிடைத்த, பால அரசன் தேவபாலனின் செப்பேடு இந்த ஏற்பாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 9ஆம் நூற்றாண்டில் கடல் கடந்த சுவர்ணத்வீபத்தின் சைலேந்திர மரபு அரசன் பாலபுத்ரதேவன் இங்கே ஒரு விகாரை கட்டினான். அவன் கேட்டுக்கொண்டபடி தேவபாலன் ஐந்து ஊர்களை அதற்கு எழுதிவைத்தான். துறவிகளின் உணவு, உடை, மருந்தோடு சுவடிகளைப் படியெடுக்கும் செலவும் அந்த வருமானத்தில் நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரத்தை எழுப்பி, ராசராச சோழனிடம் ஆனைமங்கலத்தை மானியமாகப் பெற்றவர்களும் இதே சைலேந்திர மரபினர்தான்.

பாலர் ஆட்சி சரிந்தது. 1200ஐ ஒட்டி துருக்கியத் தளபதி பக்தியார் கில்ஜியின் குதிரைப்படை, நாலந்தா இருந்த மகதத்துக்குள் புகுந்தது. நாலந்தா ஒரே நாளில் அழிந்தது, நூலகம் மாதக்கணக்கில் எரிந்தது என்று நாம் கேட்டு வளர்ந்த கதைக்கு அக்காலச் சான்று இல்லை. பாரசீக வரலாற்றாசிரியர் மின்ஹாஜ் எழுதுவது 'பிகார் கோட்டை'யைப் பற்றி. தலை மழித்தவர்கள் அத்தனை பேரும் அங்கே கொல்லப்பட்டதால், கிடைத்த நூல்களைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று. அது பக்கத்திலிருந்த உதந்தபுரி என்பதே ஆய்வாளர் பலரின் முடிவு. கொடுமையைக் குறைத்துக் காட்ட இதைச் சொல்லவில்லை. நாலந்தா செத்தது மெதுவாக. அது அதைவிடக் கொடியது.

1235 வாக்கில் திபெத்துத் துறவி தர்மஸ்வாமி வந்தபோது விகாரைகளில் பெரும்பாலானவை பாழாகிக் கிடந்தன. தொண்ணூறு வயதைத் தாண்டிய ராகுல ஸ்ரீபத்திரர் சுமார் எழுபது மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். தர்மஸ்வாமியும் அவரிடம் வடமொழி இலக்கணம் படிக்க அமர்ந்தார். படை வருகிறது என்று உதந்தபுரியிலிருந்து சேதி வந்ததும் மற்ற மாணவர்கள் ஓடிவிட்டார்கள். தர்மஸ்வாமி போகவில்லை. ஆசிரியரை முதுகில் சுமந்துகொண்டு, கொஞ்சம் உணவும் சில சுவடிகளுமாக, ஞானநாதர் கோயிலில் போய் ஒளிந்தார். இருவரும் பிழைத்தார்கள். பிறகு தர்மஸ்வாமி தாம் கற்றதோடு திபெத்துக்குத் திரும்பினார்.

நாலந்தா ஆசிரியர்களின் நூல்கள் பலவற்றுக்கு இன்று மூலம் இல்லை. திபெத்திய, சீன மொழிபெயர்ப்புகளே மிச்சம். சீலபத்திரருக்கு முன் நாலந்தாவின் தலைவராக இருந்த அவருடைய ஆசிரியர் தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர். அவர் எழுதியவையும் சீன மொழியில்தான் கிடைக்கின்றன. தமிழில் இன்னும் அவற்றை யாராவது கொண்டுவர வேண்டும்.

(தொடரும்)