எஞ்சினின் முறுக்கும் விமானத்தின் உடலும்

ஒரே எஞ்சினும் அதன் முன்னே ஒரே புரொப்பெல்லரும் கொண்ட சிறு விமானத்தில் பறக்கக் கற்பவரும், அதில் பிரயாணியாக அமர்பவரும், தம்மை ஆகாயத்துக்குத் தூக்கிச் செல்லும் அந்தச் சக்தியே அதே கணத்தில் விமானத்தின் உடலை எதிர்த்திசையில் புரட்டவும் முயன்றுகொண்டிருக்கிறது என்பதை அறிந்திருத்தல் அவசியம். எஞ்சின் புரொப்பெல்லரை எவ்வளவு விசையோடு ஒரு பக்கம் திருப்புகிறதோ, அவ்வளவு விசை எஞ்சினைத் தாங்கும் சட்டத்தின் வழியே உடற்பகுதிக்கும் இறக்கைகளுக்கும் மறுபக்கமாகச் சென்று சேர்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியாகிய இதற்கு விலக்கு எதுவும் இல்லை. வயலில் டீசல் பம்ப்செட்டைக் கிளப்பியதும் அது தன் பீடத்தில் ஒருபுறம் சாய்ந்து குலுங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஆனால் பம்ப்செட்டைத் தரை தாங்குகிறது, விமானத்தைத் தாங்குவதோ காற்று ஒன்றே.

அமெரிக்கப் பயிற்சிப் பள்ளிகளில் மிகுதியாகக் காணப்படும் செஸ்னா 172 எஸ் விமானத்தின் எஞ்சின் 180 குதிரைசக்தி உடையது. நிமிஷத்துக்கு 2,700 சுற்று சுழலுகையில் அதன் முறுக்குவிசை சுமார் 475 நியூட்டன் மீட்டர். விமானியின் ஆசனத்திலிருந்து பார்க்க புரொப்பெல்லர் வலமாகச் சுழல்வதால், விமானம் இடப்புறம் சாய முற்படும். இரண்டாம் உலக யுத்தகாலத்து மஸ்டாங் பி-51 டி விமானமோ 1,490 குதிரைசக்தி கொண்டது. அதன் புரொப்பெல்லர் பல்சக்கரங்களால் எஞ்சினின் பாதி வேகத்துக்கும் குறைவாகச் சுழற்றப்படுவதால், முறுக்கு 7,000 நியூட்டன் மீட்டரைத் தாண்டி, செஸ்னாவினுடையதைப் போல் ஏறக்குறைய பதினைந்து மடங்காகிறது. புதுப்பிக்கப்பட்ட மஸ்டாங்குகள் இன்றும் தனியார் கைகளில் பறக்கின்றன.

அபாயம் பிறக்கும் இடம் ஒன்று உண்டு. அதனைச் சற்று விரிவாகச் சொல்வது என் கடமை என்று கருதுகிறேன். இறங்கிக்கொண்டிருக்கும் விமானி, ஓடுபாதை சரியாக அமையவில்லையென்று மீண்டும் மேலெழ எண்ணி, வேகம் குன்றிய அந்த வேளையில் எஞ்சின் சக்தியைக் கூட்டும் திராட்டிலைச் சட்டென்று முழுவதும் தள்ளுவாரானால், சுக்கானையும் இறக்கை விளிம்பின் எய்லரான்களையும் தழுவிச் செல்லும் காற்று பலவீனமாயிருக்க, முறுக்கு மாத்திரம் முழு பலத்தோடு வந்து இடது இறக்கையைக் கீழே தள்ளுகிறது. புரொப்பெல்லரின் சுழற்காற்றும் மூக்கை இடப்புறம் இழுக்கிறது. அப்போது இயல்பான உந்துதலால் கட்டுப்பாட்டுக் கோலை வலப்பக்கம் சாய்த்தால், இடது எய்லரான் தாழ்ந்து, ஏற்கெனவே தூக்குவிசையை இழக்கும் நிலையிலுள்ள அந்த இறக்கையை முற்றிலும் செயலிழக்கச் செய்து, விமானம் தலைகீழாகப் புரள இடமாகிறது. தரைக்கு மேல் சில நூறு அடியே இருக்கும்போது மீள அவகாசமில்லை. வலது சுக்கான் மிதியை உடனுக்குடன் அழுத்திக்கொண்டே திராட்டிலைப் படிப்படியாகத் திறப்பதும், அதற்கு முன்பே வேகத்தைக் குறைய விடாதிருப்பதுமே இதற்குரிய உபாயம்.

உடற்பகுதியின் திறத்தைப் பற்றியும் விதிகள் மௌனம் சாதிக்கவில்லை. சிறு விமானங்களுக்கான அமெரிக்க நிர்மாண விதிகள் நெடுங்காலம், சராசரி முறுக்கை அப்படியே ஏற்காமல், நான்கு சிலிண்டர் எஞ்சினாயின் அதை இரண்டால் பெருக்கியே எஞ்சின் தாங்கியை வடிவமைக்க வேண்டுமென்று கட்டளையிட்டன. சிலிண்டர் குறையக் குறைய வெடிப்புகளுக்கு இடையே விசை விட்டுவிட்டு வந்து இடிக்கிறது என்பதே காரணம். இவ்வளவு முன்னெச்சரிக்கையும், தாங்கியின் பற்றவைத்த எஃகுக் குழாய்களில் விரிசல் விழுந்தாலும், ரப்பர் மெத்தைகள் தேய்ந்து தொய்ந்தாலும், வீணாகிவிடும். புரொப்பெல்லர் தரையில் மோதி எஞ்சின் திடீரென நின்ற வரலாறுள்ள விமானத்தில் எஞ்சினைப் பிரித்துச் சோதித்திருக்கிறார்களா என்று கேட்டறியாமல் ஏறவே கூடாது.

கேட்பதற்கு உரிமை உண்டா என்று தயங்க வேண்டியதில்லை. அமெரிக்க விதிப்படி, பறப்பதற்கு விமானம் தகுதியானதா என்று தீர்மானிக்கும் பொறுப்பு தலைமை விமானியுடையது. தனியே பறக்கும் மாணவரே அப்போது தலைமை விமானியாதலால், பராமரிப்புப் பதிவேட்டைப் பார்க்கக் கோருவது அப்பொறுப்பிலிருந்தே பிறக்கும் நியாயம். வருஷத்துக்கு ஒருமுறை சோதனை எல்லா விமானங்களுக்கும் பொதுவாக வேண்டியது. கட்டணம் பெற்றுப் பயிற்சியாளரோடு சேர்த்து அளிக்கப்படும் விமானத்துக்கோ 100 மணிப் பறப்புக்கு ஒருமுறையும் வேண்டும். பதிவேட்டைக் காட்ட மறுக்கும் நிலையத்தை விட்டு விலகுவதே விவேகம்.

குறைகளைக் கண்டவர் அஞ்சாமல் தெரிவிக்க, 1976 முதல் நாசா ஓர் இரகசிய அறிக்கை முறையை நடத்திவருகிறது. எழுதியவரின் பெயர் நீக்கப்படும். விபத்தும் குற்றச் செயலும் நீங்கலாக, அவ்வறிக்கையை அவருக்கு எதிராக விமானத்துறை பயன்படுத்தலாகாது.

விபத்து நேர்ந்தால் நஷ்டஈடு பெறும் விஷயம் அவ்வளவு சுலபமன்று. 1994-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று, இருபதுக்குக் குறைந்த ஆசனங்கள் உள்ள சிறு விமானம் முதல் வாங்கியவரிடம் ஒப்படைக்கப்பட்டு 18 வருஷம் கடந்தபின் அதன் உற்பத்தியாளர் மீது வழக்குத் தொடுப்பதைப் பெரும்பாலும் தடுக்கிறது. புதிதாக மாற்றிய பாகத்துக்கு மாத்திரம் அந்தக் காலம் அதன் மாற்றத்திலிருந்து கணக்கிடப்படும். பள்ளிகளில் பறப்பவை பல அந்த வயதைக் கடந்தவை. எனவே பரிகாரம் பெரும்பாலும் பராமரித்தவரிடமும் நடத்துபவரிடமுமே தேடப்பட வேண்டும். அவர்கள் நீட்டும் பொறுப்பு விலக்குப் பத்திரம் செல்லுமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், விமானம் எந்த வருஷத்தது, எஞ்சின் தாங்கி எப்போது மாற்றப்பட்டது, காப்பீடு யார் பெயரில் உள்ளது என்ற மூன்றையும் எழுத்தில் பெற்ற பிறகே அதில் கையெழுத்திடுங்கள்.