ரயில் வராத ஊரில் விதைக் கோதுமை

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில், மரம் அரிதான பரந்த புல்வெளியில் இருக்கிறது டி ஸ்மெட் என்ற சிற்றூர். டகோட்டா பழங்குடி மக்களின் நிலமாகவும், காட்டெருமைகளின் மேய்ச்சல் காடாகவும் இருந்த பகுதி அது. அரசு அதை அவர்கள் கையிலிருந்து வாங்கிக்கொண்ட பிறகுதான் ஏரும் தண்டவாளமும் அங்கே போயின.

ஊர் இருந்ததால் ரயில் வரவில்லை; ரயில் வந்ததால் ஊர் உண்டானது. சிகாகோ அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே கம்பெனி மேற்கு நோக்கிப் பாதை போட்டபோது, சில மைல்களுக்கு ஒரு ஸ்டேஷன் என்று குறித்துக்கொண்டே போனது. குதிரை வண்டியில் கோதுமை கொண்டுவரும் விவசாயி, விற்றுவிட்டுப் பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. 1880 வசந்தத்தில் டி ஸ்மெட்டில் மனைகள் அளக்கப்பட்டன. கடைகள் வரிசையாக எழுந்தன.

நிலத்துக்கு ஆள் வந்தது 1862-ம் ஆண்டுச் சட்டத்தால். 160 ஏக்கரில் குடியேறி, வீடு கட்டி, 5 வருடம் பயிர் செய்தால் பட்டா சொந்தம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கன்னிப் புல்வெளியை உழுவது லேசான வேலை இல்லை. புல்லின் வேர்கள் பல அடி ஆழத்துக்குப் பின்னிக் கிடக்கும். முதல் உழவில் மண் பொடியாகாது. பாயைச் சுருட்டியது போலப் பட்டை பட்டையாகப் புரளும். வேர் மக்குவதற்கே ஒரு பருவம் போய்விடும். அதனால் அந்த முதல் வருடம் பலர் வீட்டில் சொல்லிக்கொள்ளும்படி விளைச்சல் இல்லை. மாவு, நிலக்கரி, மண்ணெண்ணெய் எல்லாமே ரயிலை நம்பித்தான்.

அந்த வருடம் அக்டோபர் நடுவிலேயே பனிப்புயல் அடித்தது. அதன் பிறகு புயல் மேல் புயல். மேட்டை வெட்டித் தண்டவாளம் போட்ட இடங்களெல்லாம் பனியால் தூர்ந்தன. ஆட்கள் மண்வெட்டியால் பனியை அள்ளி இருபுறமும் கொட்ட, கரை உயர்ந்தது. அடுத்த புயலில் பள்ளம் முன்னைவிட ஆழமாக நிரம்பியது. 1881 ஜனவரியில் நின்ற ரயில் மே மாதத்தில்தான் வந்தது.

அப்போது அந்த ஊரில் 13 வயதுச் சிறுமியாக இருந்தவர் லாரா இங்கல்ஸ் வைல்டர். பின்னாளில் அந்தக் குளிர்காலத்தை 'தி லாங் விண்டர்' என்ற நாவலாக எழுதினார், 1940-ல் வெளிவந்தது. நிலக்கரி தீர்ந்ததும் காய்ந்த புல்லைப் பிரி போல முறுக்கி அடுப்பெரித்ததையும், காப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷினில் கோதுமையை அரைத்து ரொட்டி சுட்டதையும் அதில் விவரிக்கிறார். முறுக்கிய புல் நொடியில் எரிந்துவிடும். ஒருவர் முறுக்க, ஒருவர் அரைக்க, பகல் முழுவதும் அதே வேலை.

நாவலின் மையம் விதைக் கோதுமைதான். அல்மான்சோ வைல்டர் என்ற இளைஞர் விதைக்கு வைத்திருந்த கோதுமையைப் பலகைச் சுவருக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்பார். ஊர் பசியில் இருக்கும்போது இது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். ஆனால் வசந்த விதைப்புக்கு முன் ரயில் வரும் என்று யார் உறுதி சொல்ல முடியும்? விதை போனால் அடுத்த வருடமும் பட்டினிதான். விதையைத் தொடாமல் ஊரைக் காப்பாற்ற அவர் வேறு வழி தேடினார். தொலைவில் ஒரு குடியானவரிடம் கோதுமை இருப்பதாகக் காற்றுவாக்கில் கேள்வி. கடுங்குளிரில் நண்பருடன் சறுக்குவண்டியில் கிளம்பிப் போனார். அந்தக் குடியானவருக்கும் அது விதைதான், கொடுக்க மறுத்தார். பேசிப் பேசி, புஷல் ஒன்றேகால் டாலர் வீதம் 60 புஷல், அதாவது ஒன்றரை டன்னுக்கு மேல், வாங்கி வந்தார்கள். பணம் போட்ட கடைக்காரர் அதையே 3 டாலருக்கு விற்கப் பார்க்க, ஊரார் திரண்டு நியாயம் கேட்டு, வாங்கிய விலைக்கே விற்க வைத்தார்கள். அல்மான்சோ வண்டிக்கூலியே வாங்கவில்லை.

லாரா 1885-ல் அல்மான்சோவைத்தான் திருமணம் செய்துகொண்டார்.

பனி உருகி ரயில் வந்தபோது, கிறிஸ்துமஸுக்கு அனுப்பப்பட்டு வழியில் சிக்கிய பீப்பாயும் வந்து சேர்ந்ததாக நாவல் சொல்கிறது. அதில் இருந்த வான்கோழி அப்போதும் உறைந்தே இருந்ததாம். இங்கல்ஸ் குடும்பம் அந்த வருடக் கிறிஸ்துமஸை மே மாதத்தில் கொண்டாடியது.