ஒரு கேள்வியின் அருமை

பழைய துப்பறியும் படங்களை இக்காலத்தில் பார்ப்பதனால் பயன் உண்டா? என் பேரன் என்னிடம் கேட்ட கேள்வி இது. கம்பத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, நாங்கள் இருவரும் கைபேசியில் கண்ட இரு படங்களைக் கொண்டே விடை கூற முயல்கிறேன்.

முதலாவது, பஸ்டர் கீட்டன் இயக்கி நடித்த 'ஷெர்லாக் ஜூனியர்'. 1924-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த நகைச்சுவைப் படம், பேசாப் படம், ஏறத்தாழ முக்கால் மணி நேரமே ஓடுவது. படக்கொட்டகையில் கருவி இயக்கும் ஏழை இளைஞன் ஒருவன், துப்பறிவாளனாக விரும்பி நூல் ஒன்றைக் கற்கிறான். அவன் விரும்பும் பெண்ணின் தந்தையுடைய கடிகாரம் களவு போகிறது. களவாடியவனோ, அதை அடகு வைத்த சீட்டை இளைஞனின் பையில் இட்டுவிடுகிறான். சீட்டு அகப்படுகிறது, இளைஞன் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறான்.

கொட்டகைக்கு மீண்டவன் அயர்ந்து உறங்குகிறான். கனவில் வெண்திரைக்குள்ளேயே நுழைகிறான். கடற்பாறையிலிருந்து நீரில் பாய்கிறான், விழுவதோ பனிக்குவியலில்! கணினி இல்லாத அக்காலத்தில், நடிகர் நின்ற இடத்தைத் துல்லியமாக அளந்து, காட்சியோடு காட்சியைப் பொருத்தினார்கள்.

கனவில் அவன் பெருந்துப்பறிவாளனாக உலவுகிறான். ஆனால் மெய்யான திருடனைக் கண்டறிந்தவள் அப்பெண்ணே. அடகு வைத்தவர் யார் என்று கடைக்காரரிடம் விசாரித்தாள். வழக்குத் தீர்ந்தது.

பேரன் கைகொட்டிச் சிரித்தான். என்னால் சிரிக்க இயலவில்லை. நான் தலைமையாசிரியராக இருந்தபோது, சுற்றுலாவுக்கெனத் திரட்டிய பணம் காணாமற் போயிற்று. ஒரு மாணவனின் பையில் பணம் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. அனைவர் முன்னிலையிலும் அவனைத் தண்டித்தேன். திராட்சைத் தோட்டத்தில் விடுமுறை நாட்களில் பழம் பறித்துப் பெற்ற கூலி அது. மூன்றாம் நாள், தொலைந்த பணம் என் மேசையில் விடைத்தாள் கட்டினுள் கிடைத்தது. அதே மாணவர்கள் முன்னிலையில் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். எனினும் அம்மூன்று நாட்களை அவனுக்குத் திருப்பித் தர என்னால் இயலுமா?

இரண்டாவது, 1954-இல் ஏவி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட 'அந்த நாள்'. எஸ். பாலசந்தர் இயக்கியது, பாடலோ நடனமோ இல்லாதது. 1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானியர் குண்டு வீசிய மறுநாள், வானொலிப் பொறியாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்படுகிறார். சிவாஜி கணேசன் ஏற்ற வேடம் அது. திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனே துப்பறியும் அதிகாரியாக வருகிறார். சந்தேகத்திற்கு உள்ளான ஒவ்வொருவரும் வேறொருவரைச் சுட்டுகின்றனர். அவரவர் ஊகம் காட்சியாக விரிகிறது. அதனால், கண்ணால் கண்டதுபோல் நாமும் நம்பிவிடுகிறோம். அடுத்தவர் பேசத் தொடங்கியதும் அந்நம்பிக்கை ஆட்டம் காண்கிறது.

இப்படங்களைப் பார்க்கும்போது ஒரு தாளில் இரு பத்திகள் வரைந்துகொள்ளுங்கள். ஒன்றில், கண்டு உறுதி செய்யப்பட்டவற்றை எழுதுங்கள். மற்றொன்றில், பிறர் சொல்லக் கேட்டவற்றை எழுதுங்கள். காட்சிகளை விரைவாக ஓட்டாதீர்கள். கொலையாளி யார் என்பதை நான் கூறப்போவதில்லை, பேரனுக்கும் கூறவில்லை. அவன் இருமுறை தவறான பெயரை எழுதி, இருமுறையும் தானே அடித்தான். தண்டனை விதிக்குமுன் நானும் அவ்வாறு ஒருமுறை அடித்து எழுதியிருக்கலாம்.