அரைநிலவில் ஒரு வானத் திருவிழா

மாணவர்களே! நிலவைத் தொலைநோக்கியில் பார்க்க எந்த நாள் ஏற்றது? பௌர்ணமி என்பீர்கள். என் கல்லூரி மாணவர்களும் ஆண்டுதோறும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் பல நாடுகளில் கொண்டாடப்படும் ‘வானியல் தினம்’ பௌர்ணமியன்று வருவதில்லை. ஏப்ரல் நடுவுக்கும் மே நடுவுக்கும் இடையில், வளர்பிறை அரைநிலவை ஒட்டி வரும் சனிக்கிழமையே அந்நாள். 2006 முதல் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலும் ஒருமுறை கொண்டாடுகிறார்கள்.

இதை 1973-இல் தொடங்கியவர் டக் பெர்கர். அவர் அமெரிக்காவில் வட கலிபோர்னியா வானியல் சங்கத்தின் தலைவராக இருந்தவர். மக்கள் ஆய்வுக்கூடத்தைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், கடைத்தெருவிலும் தெருமுனையிலும் தொலைநோக்கிகளை நிறுத்தினார்.

சரி, அரைநிலவு ஏன்? பழவேற்காட்டு ஏரியில் உள்ள மீனவர் கிராமமான பசியாவரத்தில் விடியற்காலை நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இன்னும் வெயில் விழவில்லை. அதற்குள் பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கத்தின் உச்சியில் மட்டும் வெயில் பட்டுவிடும். வெயில் கீழே இறங்கியதும் ஒவ்வொரு படகுக்கும் நீண்ட நிழல் விழும். உச்சிப்பொழுதில் அந்நிழல்கள் இருந்த இடம் தெரியாது.

நிலவிலும் இதே கதைதான். பௌர்ணமியன்று நாம் காணும் முகத்தின் நடுவே உச்சிவெயில். நிழலின்றி மேடும் பள்ளமும் மங்கிவிடும். வளர்பிறை அரைநிலவிலோ, ஒளியும் இருளும் சந்திக்கும் கோடு நெடுகிலும் விடியற்காலை! வட்டப் பள்ளங்களின் விளிம்புகள் நிழலுடன் எடுப்பாகத் தெரியும். அக்கோட்டுக்கு அப்பால் இருளில் சில ஒளிப்புள்ளிகள் மின்னுவதை 1609-இன் இறுதியில் கலிலியோ கண்டார். அவை வெயில் முதலில் படும் மலையுச்சிகள். கோட்டிலிருந்து அவை இருக்கும் தொலைவைக் கொண்டே மலைகளின் உயரத்தைக் கணித்தார்.

பழவேற்காட்டு ஏரியையும் வங்கக்கடலையும் பிரிக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14-இல் புறப்பட்ட சந்திரயான்-3, ஆகஸ்ட் 23-இல் நிலவில் இறங்கியது. மறுநாள் அரைநிலவு! இறங்கிய இடத்தில் அப்போது காலைப்பொழுது. சூரிய ஒளியால் இயங்கும் கருவிகளுக்குப் பதினான்கு நாள் நீளமுள்ள நிலவுப் பகல் முழுவதும் வேண்டுமல்லவா?

அரைநிலவு நாட்களில் கடல் நீரின் ஏற்றமும் வற்றமும் குறைந்திருப்பதை மீனவர்கள் அறிவார்கள். சூரியனும் சந்திரனும் அப்போது நமக்குச் செங்கோணத் திசைகளில் நின்று கடலை இழுப்பதே காரணம். ஆகவே முகத்துவாரத்து நீரும் அரைநிலவை அறிந்தே நடக்கிறது.

தொலைநோக்கி இல்லையே என்று கவலை வேண்டாம். சாதாரண இருகண் நோக்கியே போதும். கை நடுங்காதிருக்க அதைக் கரையேற்றிய படகின் விளிம்பில் சாய்த்துக்கொள்ளுங்கள். நீரில் ஆடும் படகு உதவாது. அரைநிலவு சூரியன் மறையும்போது உயரத்தில் இருக்கும், நள்ளிரவை ஒட்டி மறையும். இன்று ஒரு பள்ளத்தை வரைந்து வையுங்கள். நாளை மாலை அதே பள்ளத்தைப் பாருங்கள், நிழல் குறுகியிருக்கும்.